வேகம் குறிக்காத தட்டு

'கோல் பின்' பத்திரிகையில் எழுத்துப் பிழைகள் தாராளமாக இருக்கும். பக்க எண் தலைகீழாக விழுந்திருக்கும். நடுவில் அடித்த ஊசி புரட்டுகிறவன் விரலைக் கிழிக்கும். ஆனால் சில சட்டங்களைப் பதினோரு வருஷமாக யாரும் மீறியதில்லை. தபாலில் வந்த ஒவ்வொரு இசைத்தட்டுக்கும் மதிப்புரை உண்டு. முழுசாக இரண்டு தடவை கேட்காமல் எழுதக்கூடாது. நண்பன் வாசித்த தட்டைத் தொடக்கூடாது. நூற்றிருபது வார்த்தைக்கு மேல் போகக்கூடாது. அடியில் பேரின் முதலெழுத்துகள் மட்டும். தட்டை அனுப்பிய குழுவுக்கு அந்த இதழ் ஒரு பிரதி இலவசமாகத் தபாலில் போகும். அச்சானது அச்சானதுதான், ஒரே தட்டுக்கு இரண்டாவது மதிப்புரை கிடையாது, திருத்தமும் கிடையாது.

"திருத்தம் போடறது செய்தித்தாள்காரன் வேலை," என்பான் கஸ். "நாம அபிப்பிராயம் சொல்றவங்க. அபிப்பிராயத்துக்கு எவன் திருத்தம் போடுவான்?"

பத்திரிகை கஸ்ஸினுடையது. மில்வாக்கி நகரத்தில் ஒரு காலத்தில் நிலக்கரி கொட்டி வைத்த நிலவறையில்தான் முதல் இதழ் உருவானது; 'கோல் பின்', அதாவது கரித்தொட்டி, என்ற பேரும் அப்படி வந்ததுதான். மாதத்தில் ஒரு ஞாயிறு மதியம் ஆறேழு பேர் அங்கே கூடி, வந்து குவிந்த தட்டுகளைப் பங்கு போட்டுக்கொள்வார்கள். பெரும்பாலும் வேகமாகக் கத்திப் பாடுகிற பங்க் குழுக்கள், கம்பெனி எதுவும் சீந்தாத பையன்கள், கையிலிருந்த காசைப் போட்டு முந்நூறு தட்டு அடித்து, அதில் ஒன்றைப் பயபக்தியோடு இங்கே அனுப்பியிருப்பார்கள்.

அந்தப் பையன்கள் பயந்த முதலெழுத்துகள் எல்.டபிள்யூ. அதாவது லோர்னா விசெக். முப்பத்து நான்கு வயது. பகலில் நகர நூலகத்தில் கிழிந்த புத்தகங்களைத் தைத்து ஒட்டுகிற வேலை. மாலையில் பிழைக்கத் தெரியாத பாட்டுக்காரர்களைக் கிழிக்கிற வேலை. 'இந்த மேளக்காரர் பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறார், மற்ற மூவருக்கும் அந்த ஊருக்குப் போகும் உத்தேசமே இல்லை' என்று ஒரு தடவை எழுதினாள். அந்தக் குழு அதோடு கலைந்தது. அதற்காக அவள் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளவில்லை. நல்லதை நல்லது என்று சொல்ல உரிமை வேண்டுமானால் மோசத்தை மோசம் என்று சொல்லித்தான் ஆக வேண்டும் என்பது அவள் கட்சி.

அப்படிப்பட்டவள் பதினோரு வருஷத்தில் ஒரே ஒரு தட்டுக்கு மனம்விட்டு உருகியிருந்தாள். போன மார்ச் இதழில் வந்தது அது. குழுவின் பேர் 'மில்க் ஹவுஸ்'. வடக்கே மானிட்டோவாக்கிலிருந்து நாலு பையன்கள். வெள்ளை அட்டை, ரப்பர் முத்திரையில் பேர், பெரிய தட்டு, ஆறு பாட்டு. லோர்னா இப்படி எழுதியிருந்தாள்:

'வேகத்தால் தப்பித்துவிடலாம் என்று எல்லாரும் ஓடுகிற காலத்தில் இவர்கள் ஊர்ந்து போகிறார்கள். விடைபெற்றுவிட்டுப் பாடுகிற குரல் இது. தட்டோடு வந்த படத்தைப் பார்த்தால் பத்தொன்பது வயதுகூட இருக்காது. இவ்வளவு கனத்தை இவன் தோளில் யார் ஏற்றினார்கள்? மூன்றாவது பாட்டுக்கு முன்னால் அடக்கிவைத்த ஒரு விசும்பல் கேட்கிறது. அதை வெட்டி எறியாமல் விட்டதற்கே இவர்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். கடைசிப் பாட்டு ஆறு நிமிடம் இருபது நொடி. முடிந்தபோது எழுந்து விளக்கைப் போட எனக்கு மனம் வரவில்லை.'

அவள் எழுதியதிலேயே நல்ல எழுத்து அதுதான் என்று எல்லாரும் சொன்னார்கள். சிகாகோவில் ஒருவன் அதைக் கத்தரித்துக் கிடார் பெட்டிக்குள் ஒட்டியிருந்தான். கஸ்கூட, பாராட்டு என்றால் பல்வலி வந்தவன் மாதிரி முகத்தை வைத்துக்கொள்கிறவன், "நல்லா வந்திருக்கு தாயே" என்றான். லோர்னாவுக்கும் உள்ளூர அந்தப் பெருமை இருந்தது. இல்லாமல் என்ன?

நவம்பரில் ஒரு வியாழக்கிழமை அவளுக்குக் கடிதம் வந்தது. கோடு போட்ட தாளில், வரைபடத்துக்கு எழுதுகிற மாதிரி தனித்தனி எழுத்துகள்.

'அன்புள்ள எல்.டபிள்யூ. அவர்களுக்கு, மில்க் ஹவுஸ் குழுவில் பாடிய டாரின் ராட்கேயின் அப்பா நான். டாரின் போன டிசம்பர் பதினான்காம் தேதி கார் விபத்தில் இறந்துபோனான். மார்ச்சில் உங்கள் பத்திரிகை அவன் பேருக்கு வந்தது. பிரித்துப் படித்தேன். பிறகு பலமுறை படித்தேன்.

'எனக்குப் பாட்டு தெரியாது. முப்பது வருஷமாகக் கடைசல் பட்டறையில் வேலை. எதையும் அளந்து பார்த்துத்தான் பழக்கம். கடைசிப் பாட்டு ஆறு நிமிடம் இருபது நொடி என்று எழுதியிருக்கிறீர்கள். அவனுடைய பிளேயரில் போட்டு ஐந்து தடவை நேரம் பார்த்தேன். நாலு நிமிடம் நாற்பத்தொரு நொடிதான் வருகிறது. மூன்றாவது பாட்டுக்கு முன்னால் விசும்பல் என்கிறீர்கள். எனக்கு அங்கே யாரோ சிரிப்பதுதான் கேட்கிறது. என்னிடம் இருப்பது வேறு தட்டா? அல்லது என் காதில்தான் கோளாறா?

'இன்னொரு விஷயம். அவன் கல்லறைக்குக் கல் தயாராகிறது. நிலம் உறைவதற்குள் நட வேண்டும். 'விடைபெற்றுவிட்டுப் பாடுகிற குரல்' என்ற உங்கள் வாக்கியத்தை அதில் பொறிக்க அனுமதி வேண்டும். கல் வெட்டுகிறவர் திங்கட்கிழமை வரை பொறுப்பார். இப்படிக்கு, எல்ராய் ராட்கே.'

நின்றுகொண்டு படித்தவள் உட்கார்ந்தாள். மகன் செத்துப்போன செய்தி ஒரு பக்கம் அறைந்தது. அதைவிடக் கேவலமாக, அந்த இரண்டு கணக்கிலேயே அவள் கண் போய் நின்றது. ஆறு இருபது, நாலு நாற்பத்தொன்று. பதினோரு வருஷம் தட்டு போட்டவளுக்கு இது என்ன வித்தியாசம் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

சின்னத் தட்டு நிமிடத்துக்கு நாற்பத்தைந்து சுற்று, பெரிய தட்டு முப்பத்து மூன்று. இதுதான் பொது வழக்கம். ஆனால் சில பையன்கள் சத்தம் கணீரென்று வரட்டும் என்று பெரிய தட்டையும் நாற்பத்தைந்து சுற்றுக்குப் பதிக்கச் சொல்வார்கள். அப்படிச் செய்தால் தட்டின் நடுவில் அந்த எண்ணைப் போட வேண்டும். போட மறந்துவிடுவார்கள். அதை முப்பத்து மூன்றில் ஓட்டினால் பாட்டு மெதுவாக இழுபடும். இதில் சறுக்கி விழாத மதிப்புரைக்காரன் அபூர்வம். அப்படி விழுந்த ஒருவனை லோர்னாவே ஒரு வருஷம் முழுக்கக் கேலி செய்திருக்கிறாள். ஆனால் அந்தக் குளிர்காலத்தில் வந்த தட்டுகளில் பாதி ஊர்கிற ரகம். மெதுவாக, கனமாக, அழுதுகொண்டே வாசிப்பதுதான் புது மோஸ்தர். அவளுக்குச் சந்தேகமே வரவில்லை.

மறுநாள் வேலை முடிந்ததும் நேராக கஸ்ஸின் நிலவறைக்குப் போனாள். மதிப்புரை அச்சேறிய தட்டுகளெல்லாம் பத்திரிகைக்குத்தான் சொந்தம். சுவர் முழுக்க அடுக்கியிருக்கும். தேடி எடுத்தாள். நடுவில் பார்த்தாள். எண் இல்லை. பிளேயரை நாற்பத்தைந்துக்குத் திருப்பி ஊசியை வைத்தாள்.

நாலு பையன்கள் தலைதெறிக்க ஓடினார்கள். குரல் மெலிசு, முழுசாக உடைந்துகூட முடியாத விடலைக் குரல். ஏதோ ஒரு கோடைகால வேலையைப் பற்றி, யாரோ ஒரு முதலாளியைப் பற்றி வாய்க்கு வந்ததைக் கத்தினான். மேளம் கிடாரை முந்தியது. இரண்டாவது பாட்டின் முடிவு மட்டும் கொஞ்சம் நன்றாக இருந்தது. மூன்றாவதற்கு முன்னால் ஒருவன் தாளத்துக்கு ஒன்று, இரண்டு என்று எண்ணத் தொடங்கி, தப்பாக எண்ணி, களுக்கென்று சிரித்தான். இதைப் போல மாதத்துக்கு இருபது தட்டு வரும். எந்த மாதமும் அவள் இப்படிப்பட்ட ஒன்றுக்கு நாலு வரிக்கு மேல் செலவழித்ததில்லை.

அவள் உருகி உருகி எழுதிய பாடகன் உலகத்தில் எங்கும் இருந்ததில்லை. அவளும் ஒரு மோட்டாரும் சேர்ந்து அவனைச் செய்திருந்தார்கள்.

மாடியிலிருந்து கஸ் ஒரு சாண்ட்விச்சை மென்றுகொண்டே இறங்கி வந்தான். என்ன தட்டு ஓடுகிறது, எந்த வேகத்தில் ஓடுகிறது என்று பார்த்தான். மெல்லுவதை நிறுத்தினான்.

"ஓ," என்றான்.

லோர்னா கடிதத்தை நீட்டினாள். அவன் படித்து முடிக்கிற வரை பொறுத்திருந்தாள். "என்ன ஓ? ஆச்சரியமே படாம நிக்கற?"

கஸ் சாண்ட்விச்சை ஒரு தட்டு அட்டையின் மேல் வைத்தான். "எனக்கு ஏப்ரல்லயே தெரியும்."

"என்னது?"

மேசை இழுப்பறையைக் குடைந்து ஒரு தபால் அட்டையை எடுத்துக் கொடுத்தான். மில்க் ஹவுஸின் மேளக்காரன் எழுதியது. 'நீங்கள் எங்கள் தட்டைத் தப்பான வேகத்தில் போட்டுக் கேட்டிருக்கிறீர்கள்! டாரின் இருந்திருந்தால் தரையில் உருண்டு சிரித்திருப்பான். தயவுசெய்து திருத்தம் எதுவும் போட்டுவிடாதீர்கள். அவன் அப்பா அந்தப் பக்கத்தைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிகிறார். நாங்களும் அவரிடம் மூச்சு விடவில்லை.'

"ஏழு மாசம் என்கிட்ட சொல்லாம இருந்திருக்க."

"சொன்னா நீ என்ன பண்ணுவ? முதல் பஸ் ஏறி அந்த ஆளு வாசல்ல போய் நிப்ப. உன்ன எனக்குத் தெரியாதா?"

"பத்திரிகை மானம் போயிடும்னு பயந்துட்ட. அதச் சொல்லு."

"அதுவும்தான்," என்றான் கஸ், வெட்கமில்லாமல். "ஊரெல்லாம் சிரிப்பாங்க. மில்வாக்கியில இருக்கற அறிவாளிங்களுக்கு ஒரு பித்தானைத் திருப்பத் தெரியலன்னு. ஆனா அது மட்டும் இல்ல லோர்னா. அந்த மனுஷனுக்குப் பிள்ளை போச்சு. உன் நூத்தியிருபது வார்த்தைதான் மிச்சம். அதையும் போய்ப் பிடுங்கணுமா? உன் மனசாட்சியைக் குளிப்பாட்டறதுக்கு அந்த ஆளு தலையில தண்ணி ஊத்தணுமா?"

"கல்லுல வெட்டப் போறார் கஸ். கல்லுல."

"வெட்டட்டுமே. எந்தக் கல்லறைக் கல்லு உண்மை பேசியிருக்கு? 'அன்பான கணவர்'னு போட்டிருக்கறதெல்லாம் அன்பான கணவரா?"

அவள் கடிதத்தைத் திரும்பப் பிடுங்கிக்கொண்டாள். கோபம் வந்தது. அது கஸ் மேலா, அந்த மேளக்காரன் மேலா, தன் மேலேயா என்று பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. எண்ணைப் போட மறந்த அந்தப் பையன் மேலும் ஒரு கணம் கோபம் வந்தது. செத்துப்போனவன் மேல் கோபப்படுகிறோமே என்று கூசிப்போனாள்.

ராட்கேவுக்குத் தொலைபேசியில் பேசினாள். "நேர்லயே வரேன், நாளைக்கு" என்று மட்டும் சொன்னாள். "அவ்ளோ தூரமா?" என்றார். அப்புறம், "வாங்க, வாங்க" என்று இரண்டு தடவை சொன்னார்.

சனிக்கிழமை காலை கஸ்ஸின் ஓட்டை வண்டியை வாங்கிக்கொண்டு கிளம்பினாள். மான் வேட்டை தொடங்கிய வாரம். பெட்ரோல் போடுகிற இடத்தில் ஆரஞ்சுச் சட்டை வேட்டைக்காரர்கள் கும்பலாகக் காப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள். ஏரிப் பக்கமிருந்து காற்று வண்டியைத் தள்ளியது. ஒன்றரை மணி நேரமும் அவள் வாயில் இரண்டு வாக்கியங்கள் மாறி மாறி வந்துகொண்டிருந்தன. 'அந்த வரியைத் தாராளமாகப் போட்டுக்கொள்ளுங்கள்' ஒன்று. 'நான் கேட்டது உங்கள் மகனை இல்லை' மற்றது. ஊருக்குள் நுழைகிற வரையிலும் எதைச் சொல்லப்போகிறாள் என்று அவளுக்கே தெரியாது.

எல்ராய் ராட்கே கதவைத் திறந்தார். அறுபதை நெருங்குகிற, நெட்டையான, கூன் விழத் தொடங்கிய மனிதர். கைகள் இரண்டும் தேய்த்துத் தேய்த்துக் கழுவியும் போகாத எண்ணெய்க் கோடுகளோடு இருந்தன. அவளுக்குப் பின்னால் வேறு யாரையோ தேடினார்.

"நான்தான் எல்.டபிள்யூ. லோர்னா."

"அட," என்றார். "ஆம்பளைன்னுல்ல நெனச்சிருந்தேன். மன்னிச்சுக்குங்கம்மா. ரெண்டு எழுத்துல எப்டித் தெரியும்? உள்ள வாங்க, குளிருது."

சமையலறை மேசையில் ரொட்டியும் சீஸும் காப்பியும் எடுத்து வைத்திருந்தார். ரொட்டித் துண்டுகள் எல்லாம் ஒரே கனத்தில் இருந்தன. டோஸ்டரை நகர்த்திவிட்டு அதன் இடத்தில் பிளேயரை வைத்திருந்தார். மகன் கடைசியாக எப்படி விட்டுவிட்டுப் போனானோ அப்படியே, நாற்பத்தைந்தில் நின்றது அதன் பித்தான். லோர்னா அதைப் பார்த்தாள். உடனே பார்வையைத் திருப்பிக்கொண்டாள்.

"இவனுக்கு ஏழு வயசு இருக்கறப்பவே இவன் அம்மா போயிட்டா," என்றார், யாரும் கேட்காமலே. "அப்பறம் நாங்க ரெண்டு பேருந்தான். அவன் கீழ நிலவறையில ஆட்டம் போடுவான், நான் இங்க உக்காந்து பேப்பர் படிப்பேன்." சட்டைப் பையிலிருந்து அந்தப் பக்கத்தை எடுத்து மேசையில் விரித்தார். மடிப்புகளில் காகிதம் துணி மாதிரி ஆகியிருந்தது. "சாப்டுங்க. சாப்ட்டுட்டு எனக்கு ஒண்ணு காட்டணும். அந்த விசும்பல் எங்க இருக்குன்னு."

ஊசியை அவரே வைத்தார். அந்தப் பெரிய விரல்கள் ஒரு நூல்கூடப் பிசகாமல் இரண்டாவது பாட்டின் முடிவில் இறக்கின. பாட்டு முடிந்தது. ஒருவன் எண்ணினான், தப்பாக எண்ணினான், களுக்கென்றான். ராட்கே ஊசியைத் தூக்கினார்.

"இங்கதான? இதானே நீங்க சொன்ன இடம்? எனக்கு இது சிரிப்பாத்தான் கேக்குது. தப்பா இருந்தா சொல்லுங்க."

லோர்னா அவர் முகத்தைப் பார்த்தாள். ஒரு தடவை ஆமாம் என்று சொல்லிவிட்டால் போதும், காப்பியைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிடலாம். வாழ்நாள் முழுக்க எவனிடமும் மழுப்பிப் பேசாதவள், அங்கே, அந்த ஒரே கனத்தில் வெட்டிய ரொட்டிகளுக்கு முன்னால், மழுப்பினாள்.

"அது விசும்பல்தான் மிஸ்டர் ராட்கே. சிரிப்பு மாதிரி இருக்கும். நெறைய தட்டு கேட்டாத்தான் வித்தியாசம் தெரியும். உங்க காதுல ஒண்ணும் கோளாறு இல்ல."

அவர் தலையசைத்தார். ஒரு தடவை, மறுபடியும் ஒரு தடவை.

"அப்ப சரி," என்றார். "அப்ப நான் நெனச்சதுதான்."

"என்ன நெனச்சீங்க?"

ராட்கே உட்கார்ந்தார். தாளின் மேல் உள்ளங்கையை வைத்து மடிப்புகளை நீவினார்.

"நேரான ரோடும்மா அது. இங்கிருந்து நாலு மைல். இருபது வருஷமா நான் ஓட்டின ரோடு. வளைவு கிடையாது, சரிவு கிடையாது. மத்தியானம் மூணு மணி. ஐஸ்ல வழுக்கிடுச்சுன்னார் ஷெரிஃப். நானும் ஐஸ்தான்னு நம்பினேன். மார்ச் மாசம் வரைக்கும் அது விபத்துன்னுதான் நம்பினேன்." விரல் ஒரு வரியின் அடியில் நின்றது. "அப்பறம் இது வந்துது. 'விடைபெற்றுவிட்டுப் பாடுகிற குரல்.' முன்னப்பின்ன தெரியாத ஒருத்தருக்கு, மில்வாக்கியில உக்காந்துகிட்டு, ரெண்டு தடவை கேட்டதுமே தெரிஞ்சிருக்கு. எனக்குத் தெரியல. ஒரே வீட்ல இருந்தேன். இவ்வளவு கனத்தை யார் ஏத்தினாங்கன்னு கேட்டிருக்கீங்க. யார் ஏத்தியிருப்பா? இந்த வீட்ல வேற யார் இருந்தா?"

லோர்னா கையிலிருந்த ரொட்டியைக் கீழே வைத்தாள்.

"அதான் கல்லுல போடச் சொன்னேன்," என்றார் ராட்கே. "பெருமைக்கு இல்ல. அவன் அழுததுக்கு நான் காது கொடுக்கல. போற வர்றவங்களாவது தெரிஞ்சுக்கட்டும்."

கஸ்ஸும், மேளக்காரனும், ஊரில் நல்ல மனசுக்காரர்கள் எல்லாரும் சேர்ந்து பொத்திப் பொத்திக் காப்பாற்றியது இதைத்தான். இந்த மனிதருக்கு மிச்சமிருந்த ஆறுதல் என்று அவர்கள் நினைத்தது எட்டு மாதமாக அவரைத் தின்றுகொண்டிருந்தது. இப்போது அவள் தன் பங்குக்கு இன்னொரு பொய்யையும் சேர்த்து வைத்திருந்தாள்.

"மிஸ்டர் ராட்கே," என்றாள். குரல் அவளுடையது மாதிரி இல்லை. "இப்ப நான் சொன்னது பொய்."

அவர் நிமிர்ந்தார்.

"அது சிரிப்புதான். நீங்க கேட்டதுதான் சரி. நான் எழுதினது தப்பு. பூராவும் தப்பு. இந்தத் தட்டு நாப்பத்தஞ்சு சுத்துல ஓடணும். அதுல எண் போடல. பெரிய தட்டாச்சேன்னு நான் முப்பத்து மூணுல போட்டுட்டேன். ரெண்டு தடவையும். மெதுவா ஓடினா யார் குரலும் கனமாத்தான் கேக்கும். சிரிச்சா விசும்பற மாதிரி கேக்கும். நான் கேட்டது டாரினை இல்ல."

ராட்கே சட்டைப் பையிலிருந்து பென்சிலை எடுத்தார். அவள் மதிப்புரையின் ஓரத்திலேயே கணக்குப் போட்டார். நாலு நிமிடம் நாற்பத்தொரு நொடி, இருநூற்று எண்பத்தொன்று. நாற்பத்தைந்தை முப்பத்து மூன்றே சொச்சத்தால் வகுத்து, வந்த விடையால் பெருக்கினார். உதடு அசைந்தது. எண்ணுக்கு அடியில் இரண்டு கோடு இழுத்தார்.

"முன்னூத்தி எழுபத்தொம்பது. நீங்க எழுதினது முன்னூத்தி எண்பது." பென்சிலை வைத்தார். "ஒரு நொடிதான் உதைக்குது. அது கடிகாரத்தை அமுக்கின என் கட்டைவிரல்."

பிறகு, "போடுங்க," என்றார். "நீங்க எப்டிக் கேட்டீங்களோ அப்டிப் போடுங்க."

லோர்னா பித்தானைத் திருப்பினாள். அந்தக் கனத்த, இழுபட்ட குரல் சமையலறைக்குள் வந்தது. ஒரு காலத்தில் அவளை இருட்டிலேயே உட்காரவைத்த குரல். ராட்கே தலையைச் சாய்த்து, பழுதான இயந்திரத்தைக் கேட்கிற மாதிரி கேட்டார். அரை நிமிடம்கூட ஆகவில்லை.

"இது யாரு?"

"யாருமில்ல," என்றாள் லோர்னா.

"இவனை எனக்குத் தெரியாது." அவரே ஊசியைத் தூக்கினார். "எட்டு மாசம். இந்த ஆளுக்காக எட்டு மாசம் நான் அந்த ரோட்ல போகல. சுத்துவழியில பட்டறைக்குப் போறேன். தெரியுமா உங்களுக்கு? ஒரு பித்தான். என் பட்டறையில இப்டி ஒருத்தன் வேகத்தைப் பாக்காம வேலையை ஆரம்பிச்சா, அன்னிக்கே வீட்டுக்கு அனுப்பிடுவேன்."

"அனுப்ப வேண்டியதுதான்."

"படிச்சவங்க எழுதினா சரியா இருக்கும்னு நெனச்சேன்."

"மன்னிச்சுடுங்க" என்றாள். சொன்னதும் அது எவ்வளவு சின்ன வார்த்தை என்று தெரிந்தது. ஆனால் வேறு வார்த்தை கையில் இல்லை. ராட்கே ஜன்னல் பக்கம் போய், அவளுக்கு முதுகைக் காட்டி நின்றார். வெளியே பக்கத்து வீட்டுக்காரன் வண்டியின் மேல் கட்டிய மானை அவிழ்த்துக்கொண்டிருந்தான். அவர் திரும்பி வருகிற வரை லோர்னா அசையவில்லை. போகச் சொன்னால் போய்விட வேண்டும், சொல்லாமல் எழுந்து போகக்கூடாது என்று நினைத்துக்கொண்டாள்.

வந்தவர் சுவரிலிருந்த தொலைபேசியை எடுத்து எண்களைச் சுழற்றினார். "ராட்கே பேசறேன்… ஆமா. அந்த வரி வேண்டாம்… இல்ல, வேற எதுவும் வேண்டாம். பேரு, தேதி. அவ்வளவுதான்… ஆமா, நல்லா யோசிச்சாச்சு." வைத்துவிட்டார்.

பிறகு பிளேயரிடம் போனார். பித்தானைத் திருப்பினார், சரியாக விழுந்திருக்கிறதா என்று குனிந்து பார்த்தார், முதல் பாட்டின் தொடக்கத்தில் ஊசியை இறக்கினார். இரண்டு பேரும் உட்கார்ந்து கேட்டார்கள். முதலாளியைத் திட்டுகிற பாட்டு வந்தபோது, "இது ஐஸ்கிரீம் கடைக்காரர். பாவம், நல்ல மனுஷன்" என்றார். மேளம் முந்திக்கொண்டு ஓடியபோது இரண்டு பேரும் ஒரே நேரத்தில் முகம் சுளித்தார்கள். மூன்றாவதற்கு முன்னால் எண்ணுகிறவன் தப்பாக எண்ணிச் சிரித்தபோது ராட்கே கண்ணை மூடிக்கொண்டார். ஒரு பக்கம் முடிந்தது. திருப்பிப் போட்டார். அந்தப் பக்கமும் முடிந்தது. ஊசி தானாகத் திரும்பிப் போய்த் தன் இடத்தில் உட்கார்ந்தது.

"இப்ப சரியான வேகத்துல கேட்டாச்சு," என்றார். "இப்ப சொல்லுங்க. உங்க தொழில் இதானே. தட்டு நல்லா இருக்கா?"

இரண்டாவது தடவை பொய் சொல்ல லோர்னாவுக்குத் தெம்பு இல்லை. அந்த மனிதரும் அதைக் கேட்கவில்லை.

"இல்ல மிஸ்டர் ராட்கே," என்றாள். "சுமார்தான். ரெண்டாவது பாட்டோட முடிவு நல்லா இருக்கு. மத்ததெல்லாம் எல்லாப் பசங்களும் வாசிக்கற மாதிரிதான். ஆனா சந்தோஷமா வாசிச்சிருக்காங்க. அது நல்லாவே கேக்குது."

ராட்கே அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் ஏதோ ஒன்று மெதுவாகத் தளர்ந்து இறங்கியது.

"முதல் தட்டு பெட்டியில வந்த அன்னிக்கு, இந்த மேசையிலதான் போட்டுக் காட்டினான்," என்றார். "'எப்டிப்பா இருக்கு?'ன்னான். 'சுமார்தான்டா'ன்னேன். 'எனக்கும் அப்டித்தான்ப்பா தோணுது, ஆனா செம ஜாலியா இருந்துச்சு'ன்னு சொல்லிட்டுச் சிரிச்சான். உங்க எழுத்தைப் படிச்ச அன்னிலேர்ந்து நான் சொன்ன அந்த ஒரு வார்த்தையைத்தான் நெனச்சு நெனச்சு…"

முடிக்காமல் நிறுத்தினார். கையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"அப்ப நான் சரியாத்தான் கேட்டிருக்கேன்," என்று சொல்லிவிட்டு, பிள்ளை செத்த பிறகு முதல் தடவையாக, அந்தச் சமையலறையில் வாய்விட்டு அழுதார்.